கதவைத் தூக்குற கை

தொட்டுப் பாருங்க தம்பி. சும்மா கண்ணால பாத்தா தெரியாது, கையை வச்சு அழுத்திப் பாருங்க. வெல்டிங் போட்டதை நான் மறைக்கல. மறைக்கணும்னு நெனச்சா ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சா போதும், உங்களுக்கு என்னா தெரியப் போவுது? நான் அப்படி விக்கிற ஆளு இல்ல. ஒடைஞ்சுது, சரி பண்ணோம். சரி பண்ணதுல முன்ன இருந்ததைவிட ரெண்டு பங்கு பலமா இருக்கு. அவ்வளவுதான்.

உங்க ஊருப் பக்கம் இந்த வைக்கோல் கட்டுற பேலர் இன்னும் அவ்வளவா வரலைன்னீங்க, அதனால சொல்றேன். இந்தப் பின்கதவு இருக்குல்ல, இதைத் தூக்குறது ரெண்டு பக்கமும் இருக்குற இந்த ரெண்டு கைதான். வயல்ல கெடக்குற வைக்கோலை முன்னாடி சீப்பு வாரி உள்ள தள்ளும். உள்ள சுருண்டு சுருண்டு கட்டாவும். நூல் சுத்தினதும் டிராக்டர்ல உக்காந்தபடியே லிவரை இழுத்தா கதவு மேல போவும், கட்டு பொத்துனு பின்னால விழும். லிவரைத் தள்ளுனா கதவு இறங்கும். கதவு மட்டும் எரநூறு கிலோ. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை ஏறி எறங்குது. இரும்புதான், ஆனா இரும்பும் ஓஞ்சு போவும்ல?

போன வருசம் மாசி மாசம். எங்க பக்கம் சம்பா அறுப்பு முடியிற நேரம். அறுப்பு மெஷின் நெல்லை எடுத்துட்டு வைக்கோலை வயல்லயே விட்டுட்டுப் போயிடும். ரெண்டு நாள் காஞ்சதும் நாங்க போய் கட்டணும். நடுவுல மழை வந்தா முடிஞ்சுது. கறுத்துப் போயிடும், மாடு மோந்துட்டுத் திரும்பிக்கும். அந்த வாரம் பூரா டிவியில மழை மழைன்னே சொல்லிக்கிட்டு இருந்தான். ஆறு பேருக்கு வரேன்னு சொல்லிட்டேன். போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. வீரசேகரன் சொன்னா வருவான்னு இந்தப் பக்கம் எனக்கு ஒரு பேரு உண்டு. விசாரிச்சிருப்பீங்க.

வண்டி ஓட்டுறது பக்கிரி. என் பொண்டாட்டியோட தம்பி. பக்கிரிசாமின்னு பேரு, எல்லாருக்கும் பக்கிரி. பத்தொம்பது வயசுல எங்க வீட்டுக்கு வந்தான். பதினெட்டு வருசம் எங்க வீட்டுச் சோறு. தொழில் கத்துக் குடுத்தது நானு. வண்டியைக் கையில குடுத்தது நானு. இப்ப பேசுறதில்ல. இந்தப் பொங்கலுக்கு அக்காவுக்குச் சீர் கொண்டாரணும்ல? கரும்பையும் பானையையும் இன்னொருத்தன்கிட்ட குடுத்து அனுப்புறான். அவன் வாசல்ல வச்சுட்டு 'பக்கிரி குடுத்துச்சு'ன்னுட்டுப் போறான். இவ கோலத்துல நின்னுக்கிட்டு ரோட்டையே பாக்குறா. அப்படி என்னா நான் பண்ணிட்டேன்?

இருங்க, வெல்டிங் விசயத்தைச் சொல்லிடுறேன்.

ஒடையிறதுக்கு மூணு நாள் முன்னாடி பக்கிரி கூப்புட்டான். "மாமா, இங்க வந்து பாருங்க. முடி மாதிரி ஒரு கோடு ஓடுது." போய்ப் பாத்தேன். ஒரு கோடுதான். துருவா தெரிஞ்சுது.

"பெயிண்ட் உரிஞ்சிருக்குடா."

"பெயிண்ட் இல்ல மாமா. கதவு தூக்கயில வாயைத் தொறக்குது. பட்டறைக்குக் கொண்டு போயிட்டு வந்துடலாம், அரை நாள் வேலை."

அரை நாள்! அந்த வாரத்துல அரை நாளுக்கு நான் எங்க போவேன்? "ராமாமிர்தம் வயல் வரைக்கும் முடிச்சுடுறா, அப்பறம் போவலாம்"னு சொன்னேன். அவன் போயி வண்டியில ஏறிக்கிட்டான். அவன் எப்பவுமே பேச மாட்டான், அதான் அவன்கிட்ட இருக்குற கொறை. அன்னிக்கு அழுத்திச் சொல்லியிருந்தா நான் கேக்காமலா இருந்திருப்பேன்?

ராமாமிர்தம் வயல்ல பாதிதான் முடிஞ்சுது. டக்குனு ஒரு சத்தம். இந்த இடது கை முறிஞ்சு தொங்குது, கதவு ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. மதியம் ஒரு மணி. மேற்க கருப்பு கட்டிக்கிட்டு இருக்கு. ராமாமிர்தம் வரப்புல நின்னு கத்துறாரு, "எம் மாட்டுக்கு நீயா தீனி போடுவே?"ன்னு.

பக்கிரி, பட்டறைக்கே இழுத்துட்டுப் போயிடலாம்னான். கதவு சாஞ்ச மெஷினை ரோட்டுல எப்படி இழுக்குறது? நான் திருத்துறைப்பூண்டிக்குப் போனைப் போட்டு சவரிராஜைக் கூப்புட்டேன். வெல்டிங்ல அவரு கையை அடிச்சுக்க ஆளு கெடையாது. ஜெனரேட்டரை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு ரெண்டு மணிக்கெல்லாம் வயலுக்கே வந்துட்டாரு. வந்தவரு மெஷினைப் பாக்கல, தரையைப் பாத்தாரு.

"ஐயா, சுத்திலும் காஞ்ச வைக்கோலு. உள்ள பூரா தூசி. இங்க வச்சு நெருப்பைத் தொட முடியாது."

"தண்ணி ஊத்திக்கலாம் சவரி. வாய்க்கா பக்கத்துலதான்."

பக்கிரிதான் சுத்தி இருந்த வைக்கோலை வாரித் தள்ளுனான். உள்ள பூந்து ஒவ்வொரு சந்துலயும் கம்பியை விட்டு நோண்டி எடுத்தான். எட்டுக் கொடம் தண்ணி கொண்டாந்து வச்சான். சாக்கை நனைச்சுத் தொங்கவிட்டான். அப்படியும் மொதத் தீப்பொறிக்கே உருளைக்கு அடியில எங்கயோ பத்திக்கிச்சு பாருங்க. குபுக்குனு பொகை. சவரி வெளிய குதிச்சுட்டாரு. பக்கிரி ஈரச்சாக்கோட உள்ள போயி, இருமி இருமி அமத்திட்டு வந்தான். புருவம் கருகிப் போச்சு.

"இன்னிக்கு வேணாம் மாமா"ன்னான்.

"தீ அணைஞ்சுடுச்சுல்ல? அப்பறம் என்னா?"

சவரி அவனைப் பாத்தாரு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். வேலை ஆரம்பிச்சுது.

வேலைன்னா அது வேலை தம்பி. இங்க பாருங்க, ஒடைஞ்ச ரெண்டு வாயையும் சாய்வா கிரைண்ட் பண்ணி, நடுவுல பள்ளம் வர்ற மாதிரி வச்சு, அடியிலேருந்து நெரப்பிக்கிட்டே வந்திருக்காரு. மேல மட்டும் ஒட்டுனது கெடையாது. விரிசல் இன்னும் ஓடக் கூடாதுன்னு அது முடியிற எடத்துல ஒரு ஓட்டை போட்டு அடைச்சாரு. ரெண்டு பக்கமும் தகடு வச்சிருக்காரே, அந்தத் தகட்டு முனையைப் பாருங்க, நேரா வெட்டாம கூரா வெட்டியிருக்காரு. நேரா வெட்டுனா தகடு முடியிற எடத்துலயே மறுபடி ஒடையுமாம். இந்த முக்கோணம் மூலைக்குத் தாங்கல். ஒடையாத வலது கைக்கும் அதே மாதிரி போட்டுட்டாரு. ஒண்ணு மட்டும் பலமா இருந்தா இன்னொண்ணு திருகிக்கும்னாரு.

ஆனா இதெல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சது இல்ல. அன்னிக்கு நடுவுல நின்னு போச்சு.

கதவைத் தூக்கி நிறுத்தி வச்சு, அடியில வேப்பங்கட்டையால முட்டு குடுத்திருந்தான் பக்கிரி. சவரி கதவுக்கும் மெஷினுக்கும் நடுவுல உக்காந்து உள்பக்கம் பத்த வச்சுக்கிட்டு இருந்தாரு. நான் டிராக்டர்ல உக்காந்திருந்தேன். தூறல் போட ஆரம்பிச்சுடுச்சு. அப்ப, கதவைத் தூக்கி நிறுத்துற எண்ணெய் போற குழாய், ஹைட்ராலிக் ஹோஸ், அது வெடிச்சிடுச்சு. எண்ணெய் போயிடுச்சுன்னா கதவு நிக்குமா? மடார்னு எறங்குச்சு. களிமண்ணுல்ல, அடியில ஈரம், முட்டு வழுக்கிடுச்சு. பக்கிரி கடப்பாரையை நடுவுல குடுத்து நிறுத்தினான். சவரி வெளிய உருண்டுட்டாரு. கடப்பாரை நழுவுனப்ப பக்கிரி கை உள்ள இருந்துது. வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போச்சு.

இதுல யாரை என்னான்னு சொல்றது? ஹோஸ் வெடிச்சா மனுசன் என்னா பண்ணுவான்?

என்னாத்தைப் பாக்குறீங்க அங்க? அது ஹோஸ்தான்.

பழசா இருக்குங்கிறீங்களா?

எல்லாம் ஒரே வயசு ஹோஸா இருக்குங்கிறீங்க. மேல அச்சடிச்ச எழுத்துகூட ஒண்ணா இருக்குங்கிறீங்க. சரி. மாத்துனது... அதே கம்பெனிதுதான் வாங்கி... மெஷினைப் பாக்க வந்தீங்களா, என்னைப் பாக்க வந்தீங்களா? வண்டி ஓடுதா, கட்டு கட்டுதா, அதைப் பாத்தா போதாதா?

போவாதீங்க. தம்பி, வண்டியை எடுக்காதீங்க, இருங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு வாய் தண்ணி குடிக்காம போனா நல்லாருக்காது. உக்காருங்க. அந்தக் கட்டுமேலயே உக்காருங்க.

ஹோஸ் வெடிக்கல.

தூறல் விழுந்துச்சு. ராமாமிர்தம் வரப்புலேருந்து கத்திக்கிட்டே இருக்காரு. நான் வானத்தையும் வயலையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னும் நாப்பது கட்டு வரும், ஒரு மணி நேரம் கெடைச்சா அள்ளிடலாம். திரும்பிப் பாத்தா சவரி வெளிய வந்து நிக்கிறாரு. சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அவரு வெல்டிங் ராடு எடுக்க வந்திருக்காரு. எடுத்துக்கிட்டுத் திரும்ப உள்ள போயிட்டாரு. நான் அதுக்குள்ள மொகத்தைத் திருப்பிட்டேன். லிவரைத் தள்ளுனேன். இஞ்சின்கூட ஓடல. ஓடணும்னு இல்ல, லிவரைத் தள்ளுனா கதவு தன் கனத்துலயே எறங்கும். முட்டு வழுக்குனது மட்டும் நெசம்.

நான் யாரையும் கூப்புட்டுக் கேக்கல. 'எறக்கவா'ன்னு ஒரு வார்த்தை. அதைக் கேக்கல.

"மாமா!"ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான் கேட்டுது. திரும்புறேன், கடப்பாரையோட தொங்குறான் பக்கிரி. கதவோட கனம் பூரா அவன்மேல. அவன் ஓடியிருக்கலாம் தம்பி. அவன் வெளியிலதான் நின்னான். ஓடுறதை விட்டுட்டு உள்ள கையை விட்டான். நான் எப்பவும் சொல்றது அதான், அவன் கையை விட்டிருக்கக் கூடாது, கடப்பாரையை மட்டும் சொருகிட்டு வெலகியிருக்கணும். விரலு இருந்திருக்கும்.

ஆமாம். சவரி இருந்திருக்க மாட்டாரு. தெரியுது.

துண்டை வச்சுக் கட்டி, சவரி வந்த ஆட்டோவுலயே அள்ளிப் போட்டுக்கிட்டுப் போனோம். வழி பூரா அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தான். ஒரே ஒரு தடவை, "அக்காகிட்ட இப்ப சொல்லாதீங்க, பயந்துடும்"னான்.

ஆசுபத்திரிக்கு இவ ஓடியாந்தா. தலைமுடி அவுந்து தொங்குது, காலுல செருப்பு இல்ல. "என்னாச்சு, எப்படி ஆச்சு?"ன்னு என் சட்டையைப் புடிச்சுக்கிட்டு கேக்குறா. அப்ப வாயில வந்ததுதான் அது. ஹோஸ் வெடிச்சிடுச்சுன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். "பழசாயிடுச்சு மாத்துடா மாத்துடான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன், அவன் மாத்தல"ன்னும் சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு தெரியல. நெசமாவே தெரியல தம்பி. வாய் தானா பேசிக்கிட்டே போவுது.

அவன் கட்டில்ல படுத்திருக்கான். எல்லாம் காதுல விழுவுது. இவ போயி அவனைப் புடிச்சுக்கிட்டு அழுவுறா, திட்டுறா. "ஒரு ஹோஸை மாத்த முடியாம சோம்பேறித்தனம் பண்ணி கையைத் தொலைச்சுட்டியேடா பாவி, நாளைக்கு உனக்கு யாருடா பொண்ணு குடுப்பா"ங்கிறா. நான் நின்னேன். சவரி மூலையில நிக்கிறாரு, என்னையே பாக்குறாரு. பக்கிரி அக்காவைப் பாத்து, "தப்புதான்க்கா"ன்னான்.

தப்புதான்க்கான்னான்.

நாலு நாள் கழிச்சு சவரிராஜ் வந்தாரு. நான் கூப்புடல. தானா வந்து மிச்ச வேலை பூரா முடிச்சுக் குடுத்தாரு. அதோட இதையும் செஞ்சு மாட்டுனாரு. இந்தக் குழாய்த் துண்டு இருக்குல்ல, பாதியா பொளந்தது? கதவைத் தூக்குனதும் அதைத் தாங்குற சிலிண்டர் தண்டுமேல இதைக் கவுத்து வச்சுட்டா, யாரு லிவரைத் தள்ளுனாலும் கதவு எறங்காது. "யாரு தள்ளுனாலும்"னுதான் சொன்னாரு. டீ குடுத்தா குடிக்காமப் போயிட்டாரு.

பக்கிரி கைக்கட்டுப் பிரிச்சதும் வீட்டுக்கு வந்தான். இவ கோயிலுக்குப் போயிருந்த நேரமாப் பாத்து வந்தான். வாசப்படியிலயே நின்னுக்கிட்டு, "மாமா, அக்காகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்"னான். கோவமா சொல்லல. கேக்குற மாதிரிதான் சொன்னான்.

நான் என்னா சொன்னேன் தெரியுமா? "சொன்னா விரல் மொளைச்சுடுமா?"ன்னேன்.

அப்பறம் வண்டிச் சாவியை இடது கையால எடுத்து நெலப்படிமேல வச்சுட்டுப் போயிட்டான். இப்ப மன்னார்குடியில ஒரு ரைஸ் மில்லுல மூட்டை எண்ணிக்கிட்டு இருக்கான். நான் ரெண்டு டிரைவர் வச்சுப் பாத்தேன், ஒருத்தனும் நிக்கல. அதான் மெஷினை விக்கிறேன். இதுக்கு மேல என்னா? நெசத்தைச் சொல்லிட்டேன். இப்ப உங்களுக்கு மெஷின் வேணுமா, வேணாமா?

அவன் நம்பரா? எதுக்கு?

ஓட்டுனவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். சரி, நியாயம்தான். நானும் வாங்குறதா இருந்தா அப்படித்தான் கேப்பேன். கேளுங்க, தாராளமா கேளுங்க. மெஷினைப் பத்தி எல்லாம் சொல்வான், ஒரு செயின், ஒரு பேரிங் விடாம சொல்வான். ஆனா அன்னிக்கு நடந்ததைக் கேட்டீங்கன்னா சொல்ல மாட்டான். ஒரு வருசமா கூடப் பொறந்தவகிட்டயே சொல்லாதவன், முன்ன பின்ன தெரியாத உங்ககிட்டயா சொல்லப் போறான்? "ஹோஸ் வெடிச்சுதுங்க, நான்தான் மாத்தாம விட்டுட்டேன்"னுதான் சொல்வான். என்னை விட்டுக் குடுக்க மாட்டான். எனக்கு வியாபாரம் கெட்டுடக் கூடாதுன்னு...

இருங்க.

பொய்யை எனக்காக அவன் இன்னொரு தடவை சொல்வான். உங்ககிட்டயும் சொல்வான்.

நம்பர் தரேன். ஒரு நிமிசம் இருங்க.

தேனு! தேன்மொழி! கொஞ்சம் வெளிய வா. அடுப்பை அமத்திட்டு வா.

இல்ல, காபி அப்பறம் குடுக்கலாம். அதை அங்க வை. இந்தத் தம்பி ஒரத்தநாட்டுலேருந்து மெஷின் பாக்க வந்திருக்காரு. நீ இங்க வந்து நில்லு. அன்னிக்கு வயல்ல... நீ உக்காந்துக்க. சரி, நின்னுக்கிட்டே கேளு. அன்னிக்கு ஹோஸ் வெடிக்கல தேனு. பக்கிரி எதையும் மாத்தாம விடல. நான்தான் லிவரைத் தள்ளுனேன். திரும்பிப் பாக்காம தள்ளுனேன். மூணு நாள் முன்னாடியே அவன் விரிசலைக் காட்டினான், நான் கேக்கல. ஆசுபத்திரியில நான் உங்கிட்ட சொன்னது பூரா பொய்.

சொல்லு, ஏதாவது சொல்லு. திட்டணும்னா திட்டு.

தேனு, எங்க போறே?

உள்ள போறா. பாத்தீங்களா, என் மொகத்தைக்கூடப் பாக்கல. அழுவல. கல்லு மாதிரி கேட்டுட்டுப் போறா. அவளுக்குக் கோவம் வந்தா இப்படித்தான். இன்னிக்கு இந்த வீட்டுல எனக்குச் சோறு கெடைக்குமான்னு தெரியல. கெடைக்க வேணாம்.

போனை எடுத்துட்டு வெளிய வரா. நிக்கிறா. காதுல வச்சுட்டா.

எடுத்துட்டான் போல. எடுத்துட்டான், ஆமாம். 'பக்கிரி'ங்கிறா, அப்படியே படியில உக்காந்துட்டா. வாங்க தம்பி, நாம கொஞ்சம் அந்தப் பக்கமா போயி நிப்போம்.